சலோமா வீட்டுக்குச் சுற்றுலா வந்த மகள்

எங்கள் ஊரில் சலோமா எஷ்ஷிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்திருப்பார். நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன், போதாக்குறைக்கு வண்டி ஓட்டுகிறவன் வேறு, ஆகவே எனக்கு இரட்டைப் பங்கு. சலோமா ஆமிஷ்காரி. பழைய முறையிலேயே வாழும் கிறிஸ்தவ சபைக்காரர்களான ஆமிஷ்காரர்கள் கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அடுத்தவன் காரில் ஏறி உட்கார்ந்து அவனுக்கே வழி சொல்லுவார்கள். சலோமா வழியோடு நிறுத்துவதில்லை. "ஏன் வெண்டல், உன் வண்டியில பிரேக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல ஒவ்வொரு தடவையும் கர்த்தர்தான் வந்து நிறுத்துறாரா?" என்று பின்சீட்டுப் பெண்கள் எல்லாரும் சிரிக்கும்படி கேட்பாள். நான் அவர்கள் சபையில் இல்லை, ஆனால் டச்சு என்று அவர்கள் சொல்லும் பழைய ஜெர்மன் பேச்சு எனக்கும் வீட்டு மொழிதான். அதனால் அவள் திட்டுவதில் ஒரு சொல்லும் எனக்குத் தப்பாது.

கணவன் போய்ச் சேர்ந்த பிறகு நிலத்தையும் மாடுகளையும் கொழுந்தன் ஏனோஸ் பார்த்துக்கொள்கிறான். சலோமாவுக்கு மிஞ்சியது பெரிய வீடும், அதை ஒட்டிய சின்ன வீடும். அந்தச் சின்ன வீட்டைக் கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறாள். அவர்களால்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. உலகத்திலேயே அவளுக்குப் பிடிக்காத ஜென்மமும் அவர்கள்தான்.

பிடிக்காததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கொடியில் காயும் உள்பாவாடையைப் போட்டோ எடுப்பார்கள். ஒருத்தி கேட்காமலே குளியலறைக் கதவைத் திறந்து, குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்து ஏமாந்து போனாளாம். இன்னொருத்தன் ஆணியில் மாட்டியிருந்த சலோமாவின் கறுப்புக் குல்லாயை எடுத்துத் தன் பெண்டாட்டி தலையில் வைத்து அழகு பார்த்தான். அவனுக்கு அன்றைக்கு விழுந்த வசவு டச்சில் விழுந்ததால், அதை ஆசீர்வாதம் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

மின்சாரம் இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? வருகிறவர்களின் விடுமுறைத் திட்டமெல்லாம் என் வீட்டு ஃபோனில்தான் உருவாகும். பசு கடிக்குமா, குதிரை வண்டியில் பெல்ட் உண்டா, எங்கள் பிள்ளைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, அங்கே கோதுமை சாப்பிடுவார்களா என்று என் உயிரை எடுப்பார்கள். எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் ஒன்று கேட்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த ஆமிஷ் அம்மாவும் எங்களோடு மேசையில் உட்காருவாரா? உட்காருவாள். அதற்குத்தான் இத்தனை பேர் வருகிறார்கள். சமையலறையில் நீளமான மேசை, தலைப்பக்கம் சலோமா, வரிசையாக வறுத்த கோழி, வெண்ணெய் விட்ட நூடுல்ஸ், ஊறுகாய், ரொட்டி. நியூ ஜெர்சிக்காரன் உட்கார்ந்திருக்கிறான். ஜப்பானிலிருந்து ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். சாமியே இல்லை என்று வாதாடிய ஒரு வாத்தியார்கூட அங்கே உட்கார்ந்து இரண்டு முறை நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு பெண் கூப்பிட்டாள். மிசஸ் கெல்லர் என்றாள். ஜூலையில் ஒரு வாரம், கணவன், இரண்டு பெண் குழந்தைகள். நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். அவள் பசுவைப் பற்றிக் கேட்கவில்லை, பெல்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நேராகச் சாப்பாட்டுக்கு வந்தாள்.

"சாப்பிடும்போது அந்த வீட்டம்மாவும் கூட உட்காருவாங்களா?"

"உட்காருவாங்கம்மா. யார் வந்தாலும் உட்காருவாங்க."

"பெத்த பொண்ணு வந்தாலும் உட்காருவாங்களா, வெண்டல் மாமா?"

கடைசிக் கேள்வி டச்சில் வந்தது. நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். லிடியான்! சலோமாவின் ஒரே மகள்.

லிடியான் பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் வாங்கினாள். அடுத்த வசந்தத்தில், பால் குளிரூட்டும் தொட்டியை ரிப்பேர் செய்ய வந்த ட்ராய் கெல்லரோடு போய்விட்டாள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் போயிருந்தால் ஒரு பேச்சும் இல்லை. வருவாள், போவாள், தின்பாள். சபைக்கு மண்டியிட்டு வாக்குக் கொடுத்த பிறகு போனதால் விலக்கு. சபையில் இருப்பவர்கள் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அவள் கையிலிருந்து ஒரு பொருளை வாங்கக் கூடாது. அப்பா சாவுக்கு வந்தவளுக்குத் துணி துவைக்கும் அறையில் தனியாகத் தட்டு வைத்தார்கள். அந்தத் தட்டைத் தொடாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனவள்தான், அதன் பிறகு மூச்சு இல்லை.

ஆனால் ஒன்று. அவளோடு பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இத்தனை வருஷம் தாயும் மகளும் பேசாமல் இருந்தது அவர்களுடைய சொந்தக் கொழுப்பு.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா. கெல்லர்னே இருக்கட்டும்," என்றாள்.

"நீ ஒரு வாரம் இருந்துட்டுப் போயிடுவ. நான் இங்கதான் சாகணும். சொல்லத்தான் போறேன்," என்றேன்.

"சொல்லிக்கோங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். என் பிள்ளைங்க பார்க்க, எங்கம்மாவோட ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடணும். ஊர்ல இருக்கிற கண்டவனுக்கெல்லாம் கெடைக்குது. எனக்கு ஏன் கெடைக்காது?"

சலோமா பட்டாணிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். குச்சியை மண்ணில் குத்தினாள், அது மறுபக்கம் வந்திருக்கும், அவ்வளவு வேகம்.

"இடமில்லைன்னு சொல்லு."

"ஜூலை பூராவுமா?"

"எனக்கு இடமில்லை. போய்ச் சொல்லு. சுற்றுலா வர்றாளாம் சுற்றுலா! பொறந்த வீட்டை வேடிக்கை பார்க்க வர்றாளா? டிக்கெட் வாங்கிட்டு வரச் சொல்லு."

மறுநாள் காலை நான் காபிகூடக் குடிக்கவில்லை, என் வாசலில் வந்து நின்றாள். முகம் புளித்த பாலாக இருந்தது.

"அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன பேரு?"

"பெரியவ ஹார்ப்பர். சின்னவ நோவா, அதுவும் பொண்ணுதான்."

"ஹார்ப்பரா? களை பிடுங்குற மெஷின் பேரு மாதிரி இருக்கு," என்றாள். திரும்பி நடந்தவள் வேலி ஓரத்தில் நின்று, "ஜூலை ரெண்டாவது வாரம் காலியா இருக்குன்னு சொல்லு. காலியா இருக்கு, அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லாத," என்று கத்தினாள்.

அன்று தொடங்கியது என் தலைவிதி. ஒரு குடும்ப விடுமுறையை இரண்டு எதிரிகள் சேர்ந்து திட்டமிட்டால் நடுவில் ஃபோன் பிடிக்கிறவன் கதி என்ன என்று என்னைக் கேளுங்கள்.

"அந்த வாடிக்கையாளர்கிட்ட சொல்லு, கார் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடிதான் நிக்கணும். ரோட்டுல போறவன் கண்ணுல படக்கூடாது."

"அந்த வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, எல்லா சுற்றுலாக்காரங்களும் முன்னாடி நிறுத்துறாங்க, நாங்களும் முன்னாடிதான் நிறுத்துவோம்."

"கை இல்லாத சட்டை போட்டுக்கிட்டு அந்தப் பொண்ணு என் சமையலறைக்குள்ள வரக்கூடாது."

"போன மாசம் அரை டிரவுசரோட ஒருத்தன் உட்கார்ந்தானாம், அவனுக்குச் சொன்னாங்களா?"

"போன மாசம் நடந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா?" என்று என் மேல் பாய்ந்தாள் சலோமா. நான்தான் சொன்னேன். எனக்கும் பொழுது போக வேண்டாமா?

கடைசியாக மகள் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன். ராத்திரிச் சாப்பாடு எப்படி? சலோமா வெகுநேரம் கையைத் துடைத்தாள்.

"சுற்றுலாக்காரங்களுக்கு என்ன உண்டோ அது உண்டு," என்றாள்.

லிடியான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். ஃபோனில் அழுதாள் என்று நினைக்கிறேன். மூக்கு ஒழுகுகிறது என்றாள். விஷயம் எப்படியோ ஏனோஸ் காதுக்கும் போயிற்று. ஏனோஸ் எங்கள் வட்டாரத்து டீக்கன். சபையில் யார் தப்புச் செய்தாலும் அவர்கள் வாசலில் போய் நிற்பது டீக்கன் வேலை. அந்த வேலைக்கு ஆள் எடுக்கச் சீட்டுப் போட்டபோது அவன் பெயர் விழுந்தது, அன்றிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், சலோமா வராந்தாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய மாவு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். ஏனோஸ் வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அண்ணி, ஜூலையில யாரோ வர்றாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"கோடையில என் வீட்டுக்கு யாராவது வந்துக்கிட்டேதான் இருக்காங்க. எப்பவும் இல்லாத அக்கறை இப்ப என்ன?"

"லிடியான் வர்றா."

"கெல்லர் குடும்பம் வருது."

"மேசையில உட்கார வைக்கப் போறீங்களா?"

சலோமா அடுத்த காயை உரித்தாள்.

"இலையுதிர் காலத்துல சபை கூடி அப்பம் பிட்டுச் சாப்பிடுற திருவிருந்து வருது, அண்ணி. சபையில பாதிப் பேர் உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அவளோட ஒரே மேசையில சாப்பிட்டுட்டு நீங்க அங்க வந்து உட்கார முடியாது. அண்ணன் பொண்டாட்டியை எல்லார் முன்னாலயும் மண்டி போட வைக்கிற வேலையை எனக்குக் கொடுத்துடாதீங்க."

"என் முட்டியைப் பத்தி நீ கவலைப்படாத. உன் காளை என் வேலியைத் தள்ளிச் சாய்ச்சிருக்கு. அதுக்கு நீ எப்ப மண்டி போடப் போற?"

அவன் காது சிவந்தது. வேலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான். பார்வையில் நான்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இருந்தது.

அவன் போன பிறகும் சலோமா உரித்துக்கொண்டே இருந்தாள். பட்டாணி கிண்ணத்துக்கு வெளியே விழுந்து ஓடியது. "என்ன பாக்குற? பொறுக்கு," என்று சீறினாள். பொறுக்கினேன். கிண்ணத்தை மடியிலிருந்து இறக்கினாள். "அவளுக்குப் புருஷன் இருக்கான், பிள்ளைங்க இருக்கு, ஊரு இருக்கு. சபையும் போச்சுன்னா எனக்கு யாரு வெண்டல் இருக்கா? நீயா?"

"நான் இருக்கேனே."

"அதான் பயமா இருக்கு," என்றாள்.

என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். கோழி வறுக்கப் போகிறேன் என்றாள். அந்தச் சாப்பாட்டுக்கு நானும் வர வேண்டும் என்று உத்தரவு போட்டாள். நாளைக்கு ஏனோஸ் கேட்டால் கண்ணால் பார்த்ததைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம்.

ஜூலையில் வந்தார்கள். லிடியான் காரை வீட்டுக்கு முன்னாலேயே நிறுத்தினாள். சலோமா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, கை கொடுக்கவில்லை. வருஷக்கணக்கில் பேசாத இருவரும் பேசிய முதல் வார்த்தைகளை நான் என் காதால் கேட்டேன்.

"கொட்டகைக்குப் பின்னாடி விடச் சொன்னேனே?"

"அங்க சேறா இருக்கு."

"உன் கண்ணுக்கு எப்பவும் அடுத்த பக்கம்தான் சேறு இல்லாம இருக்கும்."

ட்ராய் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு டச்சு தெரியாது, நல்ல மனிதன். குழந்தைகள் துணிக்கூடைக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கறுப்பு உடுப்புக்காரியை வாயைப் பிளந்து பார்த்தன. சலோமா குனிந்து சின்னவளின் மூக்கைத் தன் ஏப்ரன் துணியால் துடைத்தாள். பாசத்தோடு துடைத்ததாகச் சொல்ல மாட்டேன். பாத்திரம் தேய்க்கிற வேகம்தான்.

அன்று சாயங்காலம் எல்லாரும் சமையலறைக்குள் போனோம். நீள மேசையில் தட்டுகள் இருந்தன, கோழி இருந்தது, நூடுல்ஸ் இருந்தது. லிடியான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். தலையைச் சீவிப் பின்னால் கட்டியிருந்தாள். உட்காரும்போது மேசையின் விளிம்பை உள்ளங்கையால் தடவினாள். ட்ராய் உட்கார்ந்தான், குழந்தைகள் உட்கார்ந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். எல்லாரும் தலை குனிந்து ஜெபம் செய்தோம். நிமிர்ந்து பார்த்தால் மேசையின் தலைப்பக்கம் நாற்காலியே இல்லை. சலோமா அடுப்புப் பக்கம் நின்று கரண்டியால் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

"உன் நாற்காலி எங்க?" என்றாள் லிடியான், டச்சில்.

"எனக்குப் பசிக்கல. சாப்பிடுங்க, ஆறிடும்."

"நியூ ஜெர்சிக்காரன் வந்தா உனக்குப் பசிக்கும். நான் வந்தா பசிக்காதா?"

"சுற்றுலாக்காரங்களுக்கு உள்ளது உண்டுன்னேன். கோழி இருக்கு, ரொட்டி இருக்கு. வேற என்ன வேணும்?"

"நீ வேணும்! இதுக்காடி நான் இவ்வளவு தூரம் வந்தேன்னு என்னை நானே கேட்டுக்கிறேன். கோழி எங்க ஊர்லயும் விக்குது."

"கத்தாத. பிள்ளைங்க பயப்படுது."

"பயப்படட்டும். யாரால இது எல்லாம்? நான் ஒரு வருஷம் போகட்டும்னு சொன்னேன். அடுத்த வருஷம் ஞானஸ்நானம் வாங்கிக்கிறேன்னு காலைப் பிடிச்சேன். நீதானே தள்ளின? அந்த ட்ராய் பையன் அடிக்கடி வர்றான், இவளைக் கட்டிப் போடணும்னு நீதானே அவசரப்பட்ட? நீ சும்மா இருந்திருந்தா, நான் சும்மா வீட்டை விட்டுப் போன பொண்ணு. இன்னிக்கு உன் பக்கத்துல உட்கார்ந்து தின்னுக்கிட்டு இருப்பேன். உன் கையாலயே என்னைப் பூட்டி வெளியே நிறுத்திட்ட!"

ட்ராய் நூடுல்ஸைச் சுட்டிக்காட்டி, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எனக்குச் சைகை செய்தான். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

சலோமா கரண்டியை வைத்தாள். "ஆமா," என்றாள். "நான்தான் தள்ளினேன். தண்ணி தலையில விழுந்துட்டா நீ போக மாட்டேன்னு நினைச்சேன். முட்டாள் நான். அதை நினைக்காம நான் ஒரு தட்டுகூடக் கழுவினது கிடையாது. போதுமா? அதைக் கேக்கத்தான் வந்தியா?"

அவள் யார் முன்னாலும் தன்னை முட்டாள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலுக்குக் கீழே இருந்த பாத்திரம் கழுவும் தொட்டியிடம் போய் நின்றுகொண்டாள். தோள் ஆடியது.

லிடியான் சட்டென்று எழுந்தாள். கோபத்தில் கிளம்பிவிடப் போகிறாள் என்று நினைத்து நான் பாதி எழுந்தேன். அவள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இது என்ன?" என்றாள்.

"எது?"

"நீ சாய்ஞ்சுக்கிட்டு இருக்கிறது. இது மேசையா?"

"தொட்டி. கண்ணு தெரியலையா?"

"தொட்டியைப் பத்தி சபையில ஏதாவது சட்டம் இருக்கா?"

சலோமா கழுவி வைத்திருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்தாள். அடுப்புச் சட்டியிலிருந்து அதில் நூடுல்ஸ் போட்டாள். மறுபடி வந்து தொட்டிக்கு முன்னால் நின்று, நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டாள். லிடியானும் ஒரு வாய் சாப்பிட்டாள். இருவர் முழங்கையும் இடித்துக்கொண்டன.

"தள்ளி நில்லு," என்றாள் தாய்.

"இடம் இல்ல," என்றாள் மகள். தன் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்து நீட்டினாள்.

"கீழ வை. கையிலேருந்து வாங்க மாட்டேன்."

லிடியான் பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டியைத் தொட்டி ஓரத்தில் வைத்தாள். சலோமா எடுத்துக் கடித்தாள்.

மாடுகளைக் கறக்க ஓட்டிப் போகும் சாக்கில் ஏனோஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் வழியாக எனக்கே அவன் தொப்பி தெரிந்தது. தொட்டி முன்னால் நின்றவர்களுக்கு முகமே தெரிந்திருக்கும். சலோமா நகரவில்லை. திரையை இழுத்து விடவும் இல்லை.

"உன் சித்தப்பன் பார்த்துக்கிட்டு நிக்கிறான்," என்றாள் மகளிடம். "மெதுவாச் சாப்பிடு."

நான் எழுந்து போய், நூடுல்ஸ் கிண்ணத்தை மேசையிலிருந்து எடுத்துத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.